'லாம்' என்று சொன்னாரா, 'வேண்டும்' என்று சொன்னாரா?
ஆங்கில அயற்கூற்றில் துணைவினைகளைக் கற்பிக்க ஒரு வழி

"காய்ச்சல் இருந்தால் இந்த மாத்திரையைக் கொடுக்கலாம்" என்கிறார் மருத்துவர். கேட்டு வந்தவர் வீட்டில், "மாத்திரையைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னார்" என்கிறார். மாறியவை ஒரு சில சொற்கள்தான். ஆனால் முதல் தொடரின்படி காய்ச்சல் இல்லாவிட்டால் மாத்திரை தேவையில்லை. இரண்டாவது தொடரின்படி காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது, அவர் எவ்வளவு உறுதியோடு சொன்னார் என்பதையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும். அந்த உறுதியின் அளவு தமிழில் லாம், வேண்டும், முடியும், கூடும், கூடாது போன்ற சொற்களில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது மே, கேன், மஸ்ட், ஷுட், வில் போன்ற மோடல் துணைவினைகளில் இருக்கிறது.

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். அயற்கூற்றுப் பாடத்தில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இந்தத் துணைவினைகள்தான் என்பதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். 'வில்' வந்தால் 'வுட்', 'கேன்' வந்தால் 'குட்', 'மே' வந்தால் 'மைட்', 'மஸ்ட்' வந்தால் 'ஹேட் டு' என்ற அட்டவணையை அவர்கள் ஒப்பித்துவிடுவார்கள். அந்த அட்டவணை தேவையானதுதான். ஆனால் அது சொல்லை மாற்றக் கற்றுத்தருகிறதே தவிர, சொன்னவரின் எண்ணத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தருவதில்லை. எண்ணத்தைக் கண்டுபிடிக்க நம் மாணவர்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல கருவி இருக்கிறது. அது அவர்களுடைய தமிழ். அதைப் பயன்படுத்தி நான் பாடம் நடத்தும் முறையை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

(ஆங்கிலத் தொடர்களை இக்கட்டுரையில் ஒலிபெயர்த்தே தந்திருக்கிறேன். கரும்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.)

தமிழ்ப் பாடத்திலிருந்து தொடங்குவோம்

நேர்கூற்று, அயற்கூற்று என்பவை மாணவர்களுக்குப் புதியவை அல்ல. தமிழ் இலக்கணப் பாடத்தில் படித்தவைதாம். எனவே முதல் பத்து நிமிடத்தில் ஆங்கிலத்தையே தொடுவதில்லை. கரும்பலகையில் இரண்டு தொடர்களை எழுதுகிறேன்.

"நான் நாளை மதுரைக்குப் போவேன்" என்று கண்ணன் சொன்னான்.
கண்ணன் மறுநாள் மதுரைக்குப் போவதாகச் சொன்னான்.

என்னென்ன மாறியிருக்கின்றன என்று கேட்டால் மாணவர்களே சொல்லிவிடுவார்கள். 'நான்' போய்விட்டது. 'நாளை' என்பது 'மறுநாள்' ஆகிவிட்டது. 'போவேன் என்று' என்பது 'போவதாக' ஆகிவிட்டது. இப்போது இரண்டு ஆங்கிலத் தொடர்களை எழுதி, எது எதற்கு இணை என்று கேட்கிறேன்.

'கண்ணன் செட், "ஐ வில் கோ டு மதுரை டுமாரோ".'
'கண்ணன் செட் தட் ஹி வுட் கோ டு மதுரை த நெக்ஸ்ட் டே.'

'போவதாக' என்பதற்கு இணை 'வுட் கோ' என்பதை அவர்களே கண்டுகொள்கிறார்கள். 'வுட்' என்பது இங்கே தனியாக ஒரு புதுச் சொல் அல்ல. கண்ணன் பேசிய நேரத்தில் நின்று முன்னோக்கிப் பார்த்தால் தெரியும் 'வில்'தான் அது என்பதும் விளங்கிவிடுகிறது. 'போனதாகச் சொன்னான்' என்றால் 'ஹேட் கான்', 'போவதாகச் சொன்னான்' என்றால் 'வுட் கோ' என்று இணைத்துக் காட்டினால் காலமாற்றமும் எளிதாகிவிடும்.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் 'என்று' மிக வசதியான சொல். எந்தத் தொடரையும் அப்படியே எடுத்து, பின்னால் 'என்று' சேர்த்துவிட்டால் கூற்று முடிந்துவிடும். உள்ளே எதையும் மாற்ற வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் மாணவர்கள் 'கண்ணன் செட் தட் ஐ வில் கோ டுமாரோ' என்று எழுதுகிறார்கள். 'தட்' என்பதை அவர்கள் 'என்று' என நினைத்துக்கொள்கிறார்கள். 'தட்' வந்துவிட்டால் நாம் 'போவதாக' பக்கம் வந்துவிட்டோம், 'என்று' பக்கம் இல்லை என்பதைப் பலமுறை சொல்லி நிலைநிறுத்த வேண்டியிருக்கிறது.

அடுத்து ஒரு கேள்வி கேட்கிறேன்: "நீ வீட்டுக்குப் போகலாம்" என்று ஆசிரியர் சொன்னார். இதைப் 'போவதாக' போல மாற்றுங்கள் பார்ப்போம். மாணவர்கள் முயன்று பார்ப்பார்கள், சிரிப்பார்கள். 'போகலாமதாக' என்று தமிழில் ஒரு வடிவமே இல்லை. 'போகலாம் என்று சொன்னார்' என்றுதான் சொல்லியாக வேண்டும். 'வர முடியும்', 'வரக் கூடாது' ஆகியவையும் பெரும்பாலும் அப்படித்தான். 'வேண்டும்' மட்டும் ஓரிடத்தில் வளைந்துகொடுக்கும். "நான் ஐந்து மணிக்குள் போக வேண்டும்" என்பதை 'ஐந்து மணிக்குள் போக வேண்டியிருப்பதாகச் சொன்னார்' எனலாம். ஆங்கிலத்தின் 'ஹி செட் தட் ஹி ஹேட் டு லீவ்' என்பதற்கு அது சரியான இணை.

ஆக, துணைவினை வந்தால் தமிழ் பெரும்பாலும் 'என்று' வழியிலேயே நின்றுவிடுகிறது. ஆங்கிலமோ அங்கேயும் மாற்றம் கேட்கிறது. மாணவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல. அவர்கள் தாய்மொழியில் அந்த இடத்தில் மாற்றமே இல்லை. இதை வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், ஏன் இதை மட்டும் தனியாகப் பயில வேண்டும் என்பது அவர்களுக்குப் புரியும்.

ஒரு 'லாம்', நான்கு பொருள்

இரண்டாவது படி, தமிழ்ச் சொல்லின் பொருளைப் பிரித்துப் பார்ப்பது. நான்கு தொடர்களை எழுதுங்கள்.

1. இன்று மாலை மழை வரலாம்.
2. வேலை முடிந்தது, நீ வீட்டுக்குப் போகலாம்.
3. நாம் நடந்தே போகலாம்.
4. கோடையில் இந்த ஆற்றை நடந்தே கடக்கலாம்.

நான்கிலும் 'லாம்' இருக்கிறது. நான்கும் ஒன்றா? இதைக் கண்டுபிடிக்க ஒரு மாற்றுச் சொல் சோதனை வைத்திருக்கிறேன். 'லாம்' இருக்குமிடத்தில் வேறொரு தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பார்ப்பதுதான் அது. முதல் தொடரில் 'வரக்கூடும்' என்று மாற்றலாம், அது ஐயம். இரண்டாவதில் 'போக அனுமதி உண்டு' என்று மாற்றலாம், அது இசைவு. மூன்றாவதில் 'போவோமா?' என்று மாற்றலாம், அது யோசனை. நான்காவதில் 'கடக்க முடியும்' என்று மாற்றலாம், அது இயலுதல்.

பொருள் பிரிந்துவிட்டால் ஆங்கிலம் தானாக வரும்.

ஐயம்: 'ஷி செட் தட் இட் மைட் ரெய்ன்.'
இசைவு: 'த டீச்சர் செட் தட் ஹி குட் கோ ஹோம்.'
யோசனை: 'ஷி சஜஸ்டட் தட் தே ஷுட் வாக்.'
இயலுதல்: 'ஹி செட் தட் பீப்பிள் குட் கிராஸ் த ரிவர் ஆன் ஃபுட் இன் சம்மர்.'

மூன்றாவது தொடரைக் கவனியுங்கள். அங்கே 'செட்' போதவில்லை, 'சஜஸ்டட்' தேவைப்படுகிறது. யோசனை சொன்னார் என்ற பொருளைக் கூற்று வினையும் துணைவினையும் பங்கிட்டுக்கொள்கின்றன. மாணவர் ஒருவர் கேட்டார்: "எல்லாத்துக்கும் 'செட்' போட்டாப் போதாதா சார்?" போதும் சில இடங்களில். ஆனால் 'ஷி செட் தட் தே ஷுட் வாக்' என்று எழுதினால், நடந்துதான் போக வேண்டும் என்று அறிவுறுத்தியதாகவும் பொருள் கொள்ள இடமிருக்கிறது. 'சஜஸ்டட்' என்றால் அந்த ஐயம் இல்லை.

'வேண்டும்' என்பதன் உள்ளே

'வேண்டும்' என்பதையும் இதே முறையில் பிரிக்கலாம்.

"அனைவரும் நாளைக்குள் படிவத்தைக் கொடுக்க வேண்டும்." இங்கே 'கட்டாயம்' என்ற சொல்லைச் சேர்த்தால் பொருந்துகிறது. இது கட்டளை. 'ஹி செட் தட் எவ்ரிவன் ஹேட் டு சப்மிட் த ஃபார்ம் பை த நெக்ஸ்ட் டே.' 'மஸ்ட்' என்பதை மாற்றாமல் அப்படியே விட்டாலும் ஆங்கிலத்தில் சரியே.

"நீ நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்." இங்கே 'குடிப்பது நல்லது' என்று மாற்றலாம். இது அறிவுரை. 'ஷி செட் தட் ஹி ஷுட் டிரிங்க் ப்ளென்டி ஆஃப் வாட்டர்.' நேர்கூற்றிலும் 'ஷுட்', அயற்கூற்றிலும் 'ஷுட்'. மாற்றம் இல்லை.

"நான் ஊருக்குப் போக வேண்டும்." 'போக வேண்டியிருக்கிறது' என்று மாற்றலாம். இது தன் தேவை. 'ஹேட் டு' வரும்.

"நீ நன்றாக வர வேண்டும்." 'என் ஆசை' என்பதைச் சேர்க்கலாம். இது விருப்பம். 'ஷி ஹோப்டு தட் ஹி வுட் டூ வெல்.' இங்கே 'மஸ்ட்' அல்லது 'ஹேட் டு' எழுதினால் ஒரு பாட்டியின் வாழ்த்து, அதிகாரியின் ஆணையாகிவிடும்.

'மஸ்ட்' பற்றி மேலும் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஊகம். 'ஹி மஸ்ட் பி டயர்ட்' என்றால் 'அவர் களைத்திருக்க வேண்டும்' என்று நாமும் தமிழில் சொல்கிறோம். இது கட்டாயம் அல்ல, ஊகித்துச் சொல்வது. அயற்கூற்றில் 'ஷி செட் தட் ஹி மஸ்ட் பி டயர்ட்' என்றே இருக்கட்டும். அட்டவணைப்படி 'ஹேட் டு பி டயர்ட்' என்று மாற்றினால், அவர் களைப்பாக இருந்தே ஆக வேண்டும் என்று யாரோ கட்டளையிட்டது போலப் படிக்க நேரும்.

இரண்டாவது, தடை. இது உயிர் தொடர்பானது என்பதால் நான் இதற்குத் தனி நேரம் ஒதுக்குகிறேன். 'யூ மஸ்ட் நாட் டச் த ஒயர்' என்றால் 'கம்பியைத் தொடக் கூடாது'. இதை 'ஹி செட் தட் வி டிட் நாட் ஹேவ் டு டச் த ஒயர்' என்று மாற்றினால் பொருள் 'கம்பியைத் தொட வேண்டியதில்லை' என்று ஆகிவிடுகிறது. தொட வேண்டியதில்லை என்றால், விரும்பினால் தொடலாம் என்றுதானே பொருள்? 'மஸ்ட்' என்பதற்கு 'ஹேட் டு' என்று மனப்பாடம் செய்த மாணவர், எதிர்மறையிலும் அதையே பொருத்தினால் விளைவது இதுதான். தடையைச் சொல்லும்போது 'ஹி செட் தட் வி மஸ்ட் நாட் டச் த ஒயர்' என்று மாற்றாமல் எழுதச் சொல்லுங்கள். தமிழில் 'கூடாது' வேறு, 'வேண்டியதில்லை' வேறு என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த வேறுபாட்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் போதும். 'வேண்டியதில்லை' என்பதற்கு 'நீட் நாட்' அல்லது 'டிட் நாட் ஹேவ் டு' பொருந்தும்.

அட்டவணையில் திருத்த வேண்டிய ஒரு வரி

பழைய இலக்கண நூல்களில் 'ஷல்' வந்தால் 'ஷுட்' என்று ஒரு வரி இருக்கும். 'ஐ ஷல் கம்' என்பதை 'ஹி செட் தட் ஹி ஷுட் கம்' என்று மாற்றினால், இன்றைய வாசகர் அதை 'தான் வருவதே முறை என்று சொன்னார்' என்று புரிந்துகொள்வார். சொன்னவர் சொன்னதோ, 'வருவேன்' என்பது மட்டும்தான். எனவே இங்கே 'வுட் கம்' என்பதே பொருந்தும்.

'வுட்', 'குட்', 'மைட்', 'ஷுட்', 'ஆட் டு' ஆகியவை நேர்கூற்றிலேயே இருந்தால், அயற்கூற்றிலும் பொதுவாக அப்படியே இருக்கும். கூற்று வினை நிகழ்காலத்தில் இருந்தால், அதாவது 'ஷி சேஸ் தட்' என்று தொடங்கினால், துணைவினையில் மாற்றம் தேவையில்லை. சொன்ன செய்தி இப்போதும் உண்மையாக இருந்தால் 'ஷி செட் தட் த பஸ் வில் கம் டுமாரோ' என்று மாற்றாமல் சொல்வதும் பேச்சிலும் செய்தித்தாளிலும் உண்டு. தேர்வில் மாற்றி எழுதுவதே பாதுகாப்பு என்று மாணவர்களிடம் சொல்கிறேன். ஆனால் ஆங்கிலச் செய்தித்தாளில் மாற்றாத வடிவத்தைக் கண்டு வந்து காட்டும் மாணவரிடம், அது தவறு என்று சொல்லிவிடாதீர்கள். அவர் படித்து வந்திருக்கிறார் என்பதே பாராட்டுக்குரியது.

கூற்று வினைகளின் குணம்

"தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுவேன்." "கண்டிப்பாக வந்துவிடுவேன்." "நாளைக்குக் கூட்டம் அதிகமாக இருக்கும்." மூன்றும் எதிர்காலம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் 'வில்'. அயற்கூற்றில் மூன்றுக்கும் 'வுட்'. அப்படியானால் வேறுபாட்டைக் காட்டுவது எது? கூற்று வினைதான். முதலாவதற்கு 'த்ரெட்டன்ட் தட்', இரண்டாவதற்கு 'ப்ராமிஸ்டு தட்', மூன்றாவதற்கு 'ப்ரெடிக்டட் தட்'. மிரட்டியவரையும் வாக்குக் கொடுத்தவரையும் ஒரே 'செட்'டில் அடைத்துவிட்டால், படிப்பவருக்கு இருவரும் ஒருவராகவே தெரிவார்கள்.

ஆனால் எல்லா வினைகளும் 'தட்' என்பதை ஏற்பதில்லை. நம் மாணவர்கள் இங்கே செய்யும் பிழைகள் பெரும்பாலும் தமிழிலிருந்து வருபவை. அவற்றை நான் மூன்று கூட்டமாகப் பிரித்துக் காட்டுகிறேன்.

முதற்கூட்டம், ஆளைக் கேட்கும் வினைகள். 'டோல்ட்', 'இன்ஃபார்ம்ட்', 'ரிமைண்டட்', 'அஷூர்ட்' ஆகியவற்றுக்குப் பின் யாரிடம் என்பது வந்தாக வேண்டும். 'ஹி டோல்ட் தட் ஹி வுட் கம்' பிழை. 'ஹி டோல்ட் மி தட் ஹி வுட் கம்' சரி. 'செட்' இதற்கு நேரெதிர். 'ஹி செட் மி தட்' என்று எழுதக் கூடாது. தமிழில் 'சொன்னார்' என்ற ஒரே சொல், 'என்னிடம்' என்பதோடும் வரும், அது இல்லாமலும் வரும். குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாம் கூட்டம், 'தட்' ஏற்காத வினைகள். "அவன் வர வேண்டும் என்று விரும்பினார்" என்பதை மாணவர்கள் 'ஷி வான்டட் தட் ஹி ஷுட் கம்' என்று எழுதுவார்கள். 'ஷி வான்டட் ஹிம் டு கம்' என்பதே சரி. "பையை நான் எடுத்து வருகிறேன் என்று சொன்னான்" என்பதற்கு 'ஹி ஆஃபர்ட் டு கேரி த பேக்'. "வர மாட்டேன் என்று சொன்னான்" என்பதற்கு 'ஹி ரெஃப்யூஸ்டு டு கம்'. இவ்வினைகளில் விருப்பமும் மறுப்பும் வினைக்குள்ளேயே இருப்பதால் துணைவினைக்கு வேலை இல்லை.

மூன்றாம் கூட்டம், 'தட்' ஏற்று, அதற்குள் 'ஷுட்' கேட்கும் வினைகள். 'சஜஸ்ட்', 'ரெகமெண்ட்', 'இன்சிஸ்ட்', 'டிமாண்ட்' இவ்வகை. 'த டாக்டர் சஜஸ்டட் தட் ஹி ஷுட் ரெஸ்ட்.' 'ஷுட்' என்பதை விட்டுவிட்டு 'தட் ஹி ரெஸ்ட்' என்று வினையடியை மட்டும் எழுதுவதும் சரியே. 'சஜஸ்டட் ஹிம் டு ரெஸ்ட்' என்பது நம் வகுப்பறைகளில் மிகப் பரவலான பிழை. 'அட்வைஸ்ட் ஹிம் டு ரெஸ்ட்' சரி என்பதால், அதன் சாயலில் இதையும் எழுதிவிடுகிறார்கள்.

இந்த மூன்றாம் கூட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. உயர்நிலை மாணவர்களுக்கு அதைச் சொல்லலாம். 'ஷி இன்சிஸ்டட் தட் ஹி வாஸ் தேர்' என்றால், 'அவன் அங்கே இருந்தான் என்று அடித்துச் சொன்னாள்'. 'ஷி இன்சிஸ்டட் தட் ஹி ஷுட் பி தேர்' என்றால், 'அவன் அங்கே இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினாள்'. வினை ஒன்றே, 'ஷுட்' வந்ததும் நடந்ததைப் பற்றிய சாட்சி, நடக்க வேண்டியதைப் பற்றிய கோரிக்கை ஆகிவிட்டது. 'சஜஸ்ட்' என்பதும் அப்படியே. 'ஹிஸ் ஃபேஸ் சஜஸ்டட் தட் ஹி வாஸ் இல்' என்றால் முகம் நோயைக் காட்டியது. முகம் யோசனை எதையும் சொல்லவில்லை. தமிழில் இதற்கு வெவ்வேறு வினைகளைப் பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் வேறுபாடு முழுவதையும் துணைவினையே சுமக்கிறது.

வகுப்பில் செய்து பார்த்த மூன்று செயல்பாடுகள்

தூது விளையாட்டு: மாணவர்களை மூவர் மூவராகப் பிரியுங்கள். முதல் மாணவருக்கு ஒரு சீட்டு. அதில் 'யூ மே ஓப்பன் த புக்', 'யூ மஸ்ட் ஸ்டேண்ட் அப்', 'யூ நீட் நாட் ரைட் திஸ்', 'யூ மஸ்ட் நாட் லுக் அட் த போர்ட்' போன்ற ஒரு தொடர். அவர் அதை இரண்டாமவரின் காதில் சொல்வார். இரண்டாமவர் மூன்றாமவரிடம் சென்று 'ஷி செட் தட்' என்று தொடங்கி அயற்கூற்றில் சொல்வார். மூன்றாமவர் அதன்படி நடப்பார். 'மே' என்று வந்தால் அவர் புத்தகத்தைத் திறக்கலாம், திறக்காமலும் இருக்கலாம், இரண்டும் சரி. 'மஸ்ட்' என்று வந்தால் எழுந்தே ஆக வேண்டும். தவறாக நடந்தால், சொல் எந்த இடத்தில் மாறியது என்று அந்தக் குழுவே தேடட்டும். என் வகுப்பில் அதிகம் சிரிப்பும் விவாதமும் எழுவது 'நீட் நாட்' சீட்டில்தான். சிலர் அதைத் தடையாக எடுத்துக்கொண்டு பேனாவை மூடிவிடுவார்கள்.

செய்தித்தாள் வினைகள்: முந்தைய நாளின் தமிழ்ச் செய்தித்தாளைக் குழுவுக்கு ஒரு தாளாகப் பிரித்துக் கொடுங்கள். 'சொன்னார்' என்பதற்குப் பதிலாக வந்திருக்கும் வினைகளை அடிக்கோடிடச் சொல்லுங்கள். தெரிவித்தார், உறுதியளித்தார், வலியுறுத்தினார், எச்சரித்தார், ஒப்புக்கொண்டார், கேட்டுக்கொண்டார், குற்றஞ்சாட்டினார் என்று ஒரு பட்டியல் சேரும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன துணைவினை வந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வலியுறுத்தினார் என்பதற்கு முன் 'வேண்டும் என்று' வருகிறது. வானிலைச் செய்தியில் தெரிவித்துள்ளது என்பதற்கு முன் 'பெய்யக்கூடும் என்று' வருகிறது. பிறகு 'அஷூர்ட்', 'இன்சிஸ்டட்', 'வார்ன்ட்', 'அட்மிட்டட்', 'ரிக்வெஸ்டட்' ஆகியவற்றை எதிரே எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல்வளம் இல்லை என்று தயங்கும் மாணவர்களுக்கும் தமிழில் இந்த வினைகள் அனைத்தும் தெரிந்திருக்கும். அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியது சொல்லை மட்டுமே, கருத்தை அல்ல.

கடிதம் படித்துச் சொல்லுதல்: நம் மாணவர்களில் பலர் தங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த முதல் ஆள். வங்கி, காப்பீடு, கல்லூரிச் சேர்க்கை என்று எந்தக் கடிதம் வந்தாலும் அதைப் படித்துப் பெற்றோருக்குச் சொல்வது அவர்கள்தாம். எனவே நானே நான்கைந்து வரிகளில் மாதிரிக் கடிதங்கள் எழுதித் தருகிறேன். 'யுவர் அப்ளிகேஷன் மே பி ரிஜெக்டட் இஃப் த டாக்குமெண்ட்ஸ் ஆர் நாட் சப்மிட்டட்.' 'ஒரிஜினல் சர்டிஃபிகேட்ஸ் மஸ்ட் பி ப்ரொட்யூஸ்டு.' 'பேரண்ட்ஸ் நீட் நாட் கம் இன் பெர்சன்.' மாணவர் இதைத் தமிழில் தன் தாயிடம் சொல்வது போலச் சொல்ல வேண்டும். "விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்களாம்" என்று சொன்னால், வகுப்பே "தள்ளிவிடலாம்!" என்று திருத்தும். முதல் வாக்கியத்தைக் கேட்ட தாய் நம்பிக்கை இழந்துவிடுவார். இரண்டாவதைக் கேட்டவர் சான்றிதழைத் தேடத் தொடங்குவார். இச்செயல்பாட்டுக்குப் பிறகு 'மே' என்பதை யாரும் மேலோட்டமாகப் படிப்பதில்லை.

மதிப்பீட்டின்போது

இப்பாடத்துக்கு இரண்டு பாடவேளைகள் போதும். முதல் பாடவேளையில் தமிழ் ஒப்பீடும் மாற்றுச் சொல் சோதனையும். இரண்டாவதில் கூற்று வினைகளின் மூன்று கூட்டங்களும் ஒரு செயல்பாடும். மற்ற செயல்பாடுகளை அந்த மாதத்தில் கிடைக்கும் இடைவெளிகளில் நடத்தலாம்.

விடைத்தாள் திருத்தும்போது நான் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். வடிவம் சரியா? எண்ணம் சரியா? 'மைட்' இருக்க வேண்டிய இடத்தில் 'மே' என்பதை மாற்றாமல் விட்டவர் வடிவத்தில் தவறியிருக்கிறார்; பொருள் கெடவில்லை. 'மைட்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஹேட் டு' எழுதியவர், சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதியிருக்கிறார். பொதுத் தேர்வின் மதிப்பெண் முறை வேறாக இருக்கலாம். ஆனால் வகுப்புத் தேர்வில் இவ்விரண்டையும் வெவ்வேறு குறியிட்டுக் காட்டினால், தன் பிழை எவ்வகை என்பது மாணவருக்குத் தெரியும். நான் வடிவப் பிழைக்கு அடிக்கோடும், பொருட்பிழைக்கு வட்டமும் இடுகிறேன். வட்டங்கள் குறைந்துவந்தால் பாடம் சரியான திசையில் போகிறது என்று பொருள்.

மெல்லக் கற்கும் மாணவர்களுக்குச் செய்தியைச் சுருக்கிக் கொடுப்பது நல்லது. அவர்களுக்கு நான் மூன்று இணைகளை மட்டும் தருகிறேன்: 'கூடும்' என்றால் 'மைட்', 'கட்டாயம்' என்றால் 'ஹேட் டு', 'கூடாது' என்றால் 'மஸ்ட் நாட்'. இம்மூன்றும் கைவந்தபின் மற்றவற்றைச் சேர்க்கலாம். வேகமாகக் கற்பவர்களுக்கு 'இன்சிஸ்ட்' போன்ற இரட்டைப் பொருள் வினைகளைக் கொடுத்து, தமிழில் இரண்டு விதமாக எழுதி வரச் சொல்லலாம்.

உங்கள் பகுதிப் பேச்சு வழக்கில் 'லாம்', 'வேண்டும்' என்பவை எப்படி ஒலிக்கின்றன என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 'போவலாம்', 'போணும்', 'போவக்கூடாது' என்று மாணவர்கள் வீட்டில் பேசும் வடிவங்களையே கரும்பலகையில் எழுதி மாற்றுச் சொல் சோதனையைத் தொடங்கினால், கடைசி வரிசையில் இருப்பவர்களும் வாய் திறப்பார்கள். தமிழாசிரியரோடு பேசி, தமிழ் வகுப்பில் அயற்கூற்று நடக்கும் வாரத்திலேயே ஆங்கில அயற்கூற்றையும் வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. ஒரே கருத்தை இரு மொழிகளிலும் அடுத்தடுத்த நாட்களில் கேட்கும் மாணவர், இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்வார்.